முதல் ஆளாப் போறதெண்டா

உதை எடுக்காதேங்கோ, பிள்ளை. அந்தச் சின்னதை. வச்சிடுங்கோ. அதில பிளேன் மட்டுந்தான் கேக்கும். பைலற்மார் கதைக்கிறது நாலு நாளைக்குப் புதினமா இருக்கும். அஞ்சாம் நாள் அலுத்துப்போம்.

நீங்கள் தமிழெண்டு எனக்கு என்னண்டு தெரியுமெண்டோ கேக்கிறியள்? இப்ப போனில "அம்மா, பேந்து எடுக்கிறன், கடையில நிக்கிறன்" எண்டு சொன்னனீங்களெல்லே. நான் ஒட்டுக் கேக்கேல்லை. இந்தப் பக்கம் நிண்டனான், காதில விழுந்தது. ஊர்க்கதை, விடுப்புக் கேக்கிற பழக்கம் எனக்கில்லை. அதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்.

கடைக்காரர் பீற்றர் நான் கேட்ட சாமானை எடுக்க உள்ளுக்குப் போயிருக்கிறார். அவர் தேடத் துவங்கினா அரை மணித்தியாலம் எடுக்கும். அதுக்குள்ள நான் சொல்லுறன், கேட்டுட்டு எதையெண்டாலும் வாங்குங்கோ. மற்றாக்கள் றேடியோவில கதைக்கிறதைக் கேக்கிற இந்த ஸ்கானரைப் பற்றி, கனடாவில இந்த ஸ்காபரோவில என்னைவிட ஆருக்கும் கூடத் தெரியாது.

என்ர பேர் பராசக்தி. பரா அன்ரி எண்டா எல்லாருக்கும் தெரியும். முப்பது வருசமா ஆரின்ர வீட்டில என்ன நடந்தாலும் முதல் ஆளா நிக்கிறது நான்தான். கலியாணவீடு இல்லை, பிள்ளை. கலியாணத்துக்குக் காட் வரும், எல்லாரும் சீலை உடுத்துக்கொண்டு போவினம். நான் சொல்லுறது கரைச்சல் வந்த வீடு. நெஞ்சு நோ, விழுந்து கால் முறிவு, செத்தவீடு. செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்லையெல்லே? அழுது களைச்ச சனத்துக்கு ஒரு வாய் கோப்பி வேணும். என்ர பெரிய பிளாஸ்க் இருபது பேருக்குக் காணும். மூடியில ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பைப் பாத்தே "பரா அக்கா வந்திட்டா" எண்டுவினம்.

அப்பிடி இருந்த எனக்குத்தான் போன ஐப்பசியில அந்த அவமானம் நடந்தது.

கனகேஸ் எண்டு ஒருத்தி. கனகேஸ்வரி. நானும் அவவும் ஒரே மாசத்தில அந்த அப்பாட்மென்றுக்குக் குடிவந்தனாங்கள். நான் ஏழாம் மாடி, அவ ஒன்பதாம் மாடி. என்ர மகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினது அவ. அவவின்ர மகனுக்குச் சோறு தீத்தினது நான். ஒரு கறி வச்சா ரண்டு மாடி ஏறிப் போகும். ஒரு நாள் பின்னேரம் நாலு மணியிருக்கும், நாடகம் பாத்துக்கொண்டிருக்கிறன், கீழ ஃபயர் ட்ரக் ஊளையிட்டுக்கொண்டு வந்து நிக்குது. பல்கனியால எட்டிப் பாத்தனான். என்ர மனிசன் சொன்னார், "பேசாமல் இருமப்பா. பதினாலாம் மாடிக் கிழவி திரும்பவும் ரோஸ்ரரில பாணைக் கருக்கிப்போட்டுது" எண்டு. அவ கிழமைக்கொருக்காக் கருக்கிறவதான். நானும் இருந்திட்டன். நாடகத்தில அண்டைக்குக் கலியாணத்தை நிப்பாட்டுற கட்டம்.

அந்த ட்ரக் வந்தது கனகேஸின்ர மனிசனுக்கு. பொன்னம்பலத்தாருக்கு நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிட்டினம்.

எனக்கு எப்ப தெரியும் எண்டு நினைக்கிறியள்? மூண்டாம் நாள்! கோயில்ல, பிரசாதப் புக்கை வாங்கிற வரிசையில. பின்னால நிண்ட ஒருத்தி கேக்கிறா, "உங்கட கனகேஸ் அக்காவின்ர மனிசனுக்கு இப்ப எப்பிடி?" எண்டு. தெரியாதெண்டு சொல்ல ஏலுமோ? "பரவாயில்லை, பரவாயில்லை" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அண்டைக்கு மத்தியானமே அந்த மனுசன் செத்துப் போச்சு, பிள்ளை. நல்ல மனுசன். நான் ஓடி ஓடிக் கோப்பி வடிச்சுக்கொண்டு ரண்டு மாடி ஏறிப் போறன், வாசல்ல பதினொரு சோடி சப்பாத்து. எண்ணினனான். நான் பன்ரண்டாவது ஆள். ஆரோ ஒருத்தி வேற பிளாஸ்க்கால கோப்பி ஊத்திக் குடுத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணிக் கோப்பி.

எனக்கு வந்த கோவம்! ஒரு போன் அடிக்க ஏலாதோ? ரண்டு மாடிதானே? முப்பது வருசம் பழகின எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சாகிற மனுசனைப் பாக்கவும் எனக்குக் குடுத்துவைக்கேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் மரியாதைக்குப் போய் வந்தனான். அதோட விட்டிட்டன். லிஃப்ற்றில அவவைக் கண்டா நான் மேல மாடி நம்பர் மாறுறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். அவவும் ஒண்டும் கதைக்கிறேல்லை. இப்பிடியே எட்டு மாசம்.

அந்தியேட்டி முடிஞ்ச கையோட நான் யோசிச்சனான். இனி ஒருத்தரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நானே அறிஞ்சுகொள்ளுவன்.

மகள்தான் சொன்னவ, பகிடிக்கு, "அம்மா, பொலிஸும் அம்புலன்ஸும் கதைக்கிறதைக் கேக்கிற பெட்டி ஒண்டு இருக்கு, உங்களுக்கெண்டே செய்தது" எண்டு. அடுத்த சனிக்கிழமை மனிசனை இழுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்திட்டன். மனிசனும் சந்தோசமா வந்தவர். அவருக்குப் பிளேன் விசர். எங்கட பல்கனிக்கு மேலால போற பிளேன் எந்த ஊருக்குப் போகுதெண்டு அறியோணுமாம். அறிஞ்சு என்ன செய்யப்போறீங்கள் எண்டு கேட்டா, "சும்மா" எண்டுவார்.

பீற்றர் வடிவா விளங்கப்படுத்தினவர். பொலிஸ் கதைக்கிறதையெல்லாம் பூட்டிப்போட்டாங்களாம், கேக்க ஏலாது. அம்புலன்ஸும் அப்பிடித்தானாம். திறந்து கிடக்கிறது ரண்டுதான், ஒண்டு பிளேன், மற்றது ஃபயர். எனக்குச் சப்பெண்டு போச்சு. நெருப்புப் பிடிச்ச வீட்டுக்கு நான் கோப்பி கொண்டுபோய் என்ன செய்யிறது? பேந்துதான் பீற்றர் சொன்னார், இந்த ஊரில நெஞ்சு நோவெண்டாலும் மயங்கி விழுந்தாலும் கனதரம் முதல்ல வாறது ஃபயர் ட்ரக்தானாம். அவைக்கு விலாசம் சொல்லுறது இதில கேக்குமாம். அப்ப காணும், தாங்கோ எண்டன்.

"என்ன மாதிரிக் கோல் கேக்க விருப்பம்?" எண்டு கேட்டவர். தமிழ் ஆக்களின்ர விலாசம் மட்டும் வாற மாதிரி ஒண்டு இருக்கோ எண்டு மனிசனைக் கேக்கச் சொன்னன். மனிசன் இங்கிலீசில ஏதோ நீளமாச் சொன்னவர். பீற்றர் தலையாட்டிப்போட்டு எனக்குக் கை குடுத்தார். என்ன சொன்னவரெண்டு இண்டுவரைக்கும் மனிசன் சொல்லேல்லை.

பிறகு மனிசனுக்கும் எனக்கும் இதே இடத்தில நிண்டு சண்டை. அவருக்கு இந்தச் சின்னது காணுமாம், கையில பிடிக்கச் சுகமாம், பிளேன் துலக்கமாக் கேக்குமாம். ஃபயர் கேக்கிறதெண்டா அந்தப் பெரிய டிஜிற்றல். கடைசியா ரண்டையும் கேக்கிற பெரியதை வாங்கினனாங்கள். மத்தியானம் வரைக்கும் பிளேன், அதுக்குப் பிறகு ஃபயர் எண்டு ஒப்பந்தம். பீற்றர் சாமானைக் கட்டித் தரேக்க ஒரு விசயம் சொன்னவர், "அம்மா, இதில கேக்க மட்டுந்தான் ஏலும், திருப்பிக் கதைக்க ஏலாது" எண்டு. எனக்குக் கதைக்க என்ன கிடக்கு, கேட்டாக் காணும் எண்டனான்.

சரி, விலாசம் வருது, அது தமிழ் வீடோ வேற வீடோ எண்டு என்னண்டு அறியிறது? அதுக்குத்தான் மூளை வேணும். என்ர மகளின்ர கலியாணத்துக்குக் காட் குடுத்த லிஸ்ற் இருக்கெல்லே! கொப்பி முழுக்கப் பேரும் விலாசமும். றோட்டுப் பேர்படி பிரிச்சுத் திரும்ப எழுதினனான். ஒரு கிழமை எடுத்தது. பெட்டி கரகரவெண்டு ஒரு றோட்டுப் பேரைச் சொன்னா, கொப்பியைத் திறப்பன். இருந்தா அடுப்பில தண்ணி வச்சிடுவன்.

முதல் மூண்டு தரமும் வெற்றிதான். குளியலறையில வழுக்கி விழுந்த ஒரு அக்கா, மூச்சுக் கஷ்டமான ஒரு அண்ணை, இன்னொருத்தருக்குச் சீனி குறைஞ்சு மயக்கம். நான் போய் நிக்க அவையளுக்கு அதிசயம். "என்னண்டு அறிஞ்சனீங்கள்?" எண்டு கேப்பினம். "மனசு சொல்லிச்சுது" எண்டுவன். மனிசன் காருக்குள்ள இருந்து சிரிப்பார்.

நாலாவதுதான் பிழைச்சுப் போச்சு. சிவகுருநாதன் மாஸ்ரர் வீடு. பெட்டி சொல்லுது பெல்வூட் கிறசென்ற், முப்பத்தெட்டு. கொப்பியில பாத்தா மாஸ்ரர். எண்பத்திரண்டு வயசு, பைபாஸ் செய்த உடம்பு. எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. அந்த மனுசனிட்டைத்தான் என்ர மகள் தமிழ் படிச்சவள். வெள்ளைச் சீலையை உடுத்திக்கொண்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போறன். வாசல்ல ட்ரக் நிக்குது, கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. "ஐயோ மாஸ்ரர், எங்களை விட்டிட்டுப் போயிட்டீங்களோ" எண்டு குழறிக்கொண்டு உள்ளுக்குப் போனா, மாஸ்ரர் குசினி வாசல்ல துவாயால விசுக்கிக்கொண்டு நிக்கிறார். மிளகாய் வறுத்தவையாம்! தூள் இடிக்க மிளகாய் வறுத்து, அந்தப் புகையில அலாம் அடிச்சு, ஃபயர்காரர் மூண்டு பேர் இருமி இருமிக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.

மாஸ்ரர் என்னைப் பாத்தார். சீலையைப் பாத்தார். பிளாஸ்க்கைப் பாத்தார். "பராசக்தி, நீர் எனக்கோ கோப்பி கொண்டு வந்தனீர்?" எண்டார்.

நான் ஃபயர்காரருக்கு ஊத்திக் குடுத்துப்போட்டு வந்தனான். நல்ல கோப்பி எண்டு ஒருத்தன் ரண்டு தரம் வாங்கிக் குடிச்சவன்.

ஆனா மாஸ்ரரின்ர மனிசி விடுவாவோ? உயிரோட இருக்கிற மனுசனுக்குச் செத்தவீட்டுக் கோப்பி கொண்டு வந்தவளெண்டு ஊரெல்லாம் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டா. அண்டையில இருந்து என்ர பிளாஸ்க்குக்குப் பேர் கெட்டுப் போச்சு. அது வந்தா அந்த வீட்டில ஆரோ போகப்போகினமெண்டு கதை. கோயில்ல நான் வரிசைக்குப் போனா முன்னுக்கு இடம் விடுகினம். வருத்தம் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனா, கட்டிலில கிடந்த மனுசன் என்னைக் கண்டோடன எழும்பி இருந்து "எனக்கு நல்ல சுகம் அக்கா, நாளைக்கு வீட்டை விடுகினம்" எண்டு கும்பிடுது. காலில வேற கட்டுப் போட்டுக் கிடக்குது.

முப்பது வருசம், பிள்ளை. முப்பது வருசம் ஓடி ஓடிச் செய்த எனக்குக் கடைசியில கிடைச்ச பேர் அது. வெளியில சிரிச்சுச் சமாளிச்சாலும் வீட்டை வந்து அழுதிருக்கிறன். அப்பேக்க கனகேஸோட கதைக்கிறனானெண்டா ரண்டு மாடி ஏறிப் போய்ச் சொல்லி அழுதிருப்பன். அதுக்கும் வழியில்லை.

மனிசன் சொன்னார், "காணுமப்பா, பெட்டியை நிப்பாட்டும், முழுநாளும் பிளேன் கேப்பம்" எண்டு. நான் விடேல்லை. ஒரே ஒரு தரம் சரியான வீட்டுக்கு, சரியான நேரத்துக்கு முதல் ஆளாப் போனா எல்லாம் சரிவருமெண்டு நினைச்சனான்.

போன மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் திரும்பி ஒரு மணித்தியாலம். பெட்டி ஒரு விலாசம் சொல்லுது. கொப்பியில இருக்கு, கலியாணத்துக்கு வந்து பெரிய குத்துவிளக்குத் தந்த ஆக்கள். அடுப்பில தண்ணி வச்சனான். வச்சிட்டுச் சீலை உடுத்தனான். இந்த முறை வெள்ளை இல்லை, பொதுவா ஒரு சாம்பல் நிறம். அதுக்குள்ள மனிசன் காரை எடுத்துக்கொண்டு வந்து கீழ நிண்டு கோண் அடிக்கிறார். பிளாஸ்க்கைத் தூக்கினன், ஸ்கானரைத் தூக்கினன், ஓடினன்.

பாதி வழியில பிளாஸ்க்கைத் தூக்கிப் பாக்கிறன், பாரமில்லை. கோப்பி ஊத்தேல்லை! அதை மனிசனுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிக்கேக்க பெட்டி திரும்பக் கரகரக்குது. புது விலாசம். புகையாம், அப்பாட்மென்றாம், ஏழாம் மாடியாம். றோட்டுப் பேர் பழகின பேர் மாதிரிக் கிடக்கு. கெதியாக் கொப்பியை விரிச்சுத் தேடுறன், தேடுறன், அந்த நம்பர் இல்லை. "இது எங்கட ஆக்களில்லையப்பா, விடுங்கோ" எண்டனான்.

மனிசன் காரை ஓரமா நிப்பாட்டினார். என்னைத் திரும்பிப் பாத்து, "இஞ்சரும், அது எங்கட வீடு" எண்டார்.

கொப்பியில என்னண்டு இருக்கும், பிள்ளை? எங்கட வீட்டுக்கு நாங்கள் காட் குடுக்கேல்லைத்தானே!

திரும்பி வந்த வேகத்தில ரண்டு சிவப்பு லைற் போயிருக்கும். ஆருக்கும் சொல்லாதேங்கோ. கட்டடத்தில லிஃப்ற் நிப்பாட்டிக் கிடக்குது. படியால ஏறுறன், ஏழு மாடி. ஏறி வந்தா நடை முழுக்கப் புகை மணம். தண்ணி வத்தி, சட்டி கருகி, பக்கத்தில வச்ச பிளாஸ்ரிக் கோப்பி வடி உருகி. அவ்வளவுதான், வேற ஒண்டும் எரியேல்லை. ஃபயர்காரர் கதவை உடைச்சு உள்ளுக்குப் போய் நிப்பாட்டிப்போட்டினம். அதில ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். பாத்தா, மாஸ்ரர் வீட்டில ரண்டு தரம் கோப்பி குடிச்சவன்.

ஆனா நான் பாத்தது அவனை இல்லை. கதவுக்குப் பக்கத்தில, நிலத்தில, கனகேஸ் இருக்கிறா.

முழங்கால் தேஞ்ச மனுசி. படியில இறங்க ஏலாதெண்டு கோயில் மேல்மாடிக்கே வாறேல்லை. அலாம் அடிச்சவுடன ஒன்பதாம் மாடியில இருந்து படியால இறங்கி வந்திருக்கிறா. என்ர கதவில தட்டித் தட்டி ரண்டு கை விரல் மொளியும் சிவந்துபோய்க் கிடக்கு. நான் உள்ளுக்கு மயங்கிக் கிடக்கிறனெண்டு நினைச்சிருக்கிறா. என்னைக் கண்டவுடன எழும்பவும் ஏலாமல் இருந்தபடியே என்ர சீலையைப் பிடிச்சு இழுத்து, முதுகில ஒண்டு போட்டா. "எங்கையடி போனனீ? எங்கையடி போனனீ, மூதேசி?" எண்டு அழுறா.

பக்கத்தில ஒரு சின்னப் பிளாஸ்க். தேத்தண்ணி. அந்த அவதியிலயும் ஊத்திக்கொண்டு இறங்கியிருக்கிறா. ஸ்கானரும் இல்லை, கொப்பியும் இல்லை, முதல் ஆளா வந்து நிக்கிறாள் பாருங்கோ.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. நானும் அழுதுகொண்டு கேட்டன், "அண்டைக்கு ஏன் எனக்கு ஒரு போன் அடிக்கேல்லை? அதை முதல்ல சொல்லு" எண்டு. எட்டு மாசம் நெஞ்சுக்குள்ள கிடந்தது.

அவ கண்ணைத் துடைச்சா. "போன் எங்க கிடந்ததெண்டே தெரியாதடி. கை ஓடேல்லை, வாயும் வரேல்லை. அவரைக் கட்டிலோட லிஃப்ற்றுக்குள்ள ஏத்தினவை, நானும் ஏறினனான். அவங்கள் கீழ போக அமத்தினாங்கள். நான் ஏழை அமத்தினனான். ஏழாம் மாடியில கதவு திறந்தது. நீ அதில நிப்பாயெண்டு நினைச்சனான். நடையில ஒருத்தருமில்லை. அவங்கள் பேசிப்போட்டுக் கதவை மூடினாங்கள்" எண்டா.

நான் அப்ப கதவுக்கு இஞ்சால, சோபாவில இருக்கிறன், பிள்ளை. இருபது அடி இருக்குமோ? கலியாணத்தை நிப்பாட்டுறாங்களோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டு.

அந்தத் தேத்தண்ணியை ரண்டு பேரும் நிலத்தில இருந்து ஒரே மூடியில மாறி மாறிக் குடிச்சனாங்கள். சீனி கூட. சொன்னனான். "குடியடி சும்மா" எண்டா.

ஸ்கானரோ? அது இப்ப முழுக்க முழுக்க மனிசனுக்குத்தான். காலமையில இருந்து பல்கனியில பிளேன். கனகேஸ் வந்தா அவவுக்கும் விளக்கம் சொல்லுவார். நான் ஃபயர் கேக்கிறேல்லை. சத்தியமா. சனி, ஞாயிறில மட்டும் கொஞ்சம்.

அந்தா, பீற்றர் வாறார். கையில பாருங்கோ, இதுதான் நான் கேட்ட சாமான். ரண்டு பக்கமும் கதைக்கிற வோக்கிரோக்கி. சோடி. ஒண்டு ஏழாம் மாடிக்கு, ஒண்டு ஒன்பதாம் மாடிக்கு. "கையில போன் இருக்கேக்க உதென்னத்துக்கடி?" எண்டு கனகேஸ் கேட்டவ. போனெண்டாத் தேடோணும், நம்பர் பாக்கோணும், வாயைத் திறந்து சொல்லோணும். அண்டைக்கு அவவுக்கு ஒரு பொத்தானை அமத்தத்தான் கை வந்தது. இதிலயும் ஒரு பொத்தான்தான். ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அமத்தினா இஞ்சால கர்ரெண்டும், நான் படியால ஏறிடுவன்.

பீற்றர், ஒண்டை வெளியில கொண்டுபோய் அந்த நீலக் காருக்குள்ள இருக்கிற அம்மாட்டைக் குடுங்கோ. ஓம், கனகேஸ்தான், இஞ்சால எட்டி எட்டிப் பாக்கிற அவ. நான் ஆரோட கதைக்கிறனெண்டு அறியாட்டி அவவுக்குச் சாப்பாடு சமிக்காது. சரியான விடுப்பு.

நீங்கள் அந்தப் பெரியதை எடுங்கோ, பிள்ளை, ரண்டும் கேக்கும். எந்தப் பக்கம் வீடு? இல்லை, சும்மாதான் கேட்டனான். அம்மா தனியவோ இருக்கிறா? அப்ப அவவுக்கும் இப்பிடி ஒரு சோடி...

கேட்டுதே? என்ர கையில இருக்கிறது கர்ரெண்டுது! ஒண்டும் கதைக்கேல்லை பாருங்கோ, சும்மா அமத்திப் பாக்கிறா. நான் வாறனோ இல்லையோ எண்டு.

திரும்பவும் அமத்துறா. பொறுங்கோ பிள்ளை, மிச்சம் பேந்து. வாறன் கனகேஸ், இந்தா வாறன்.